கோப்பையின் வரலாறும் தட்டின் வரலாறும்

உணவுக்கும் பானத்துக்கும் வரலாறு எழுதும் முயற்சி தமிழில் தோன்றியிருப்பது வரவேற்கத்தக்கது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ (2000) இத்துறையில் குறிப்பிடத்தக்க நூல். காப்பி நடுத்தர வர்க்கத்தின் பெருமைச் சின்னமாகவும் தேநீர் உழைப்பாளியின் பானமாகவும் பிரிந்து நின்றதை அதன் தலைப்புக் கட்டுரை விளக்குகிறது. ஒரு குவளைக்குள் சாதியும் வர்க்கமும் கலந்திருப்பதைக் காட்டியது அதன் வெற்றி. எனினும், யார் குடித்தார் என்று கேட்பதோடு ஒரு பானத்தின் வரலாறு முடிந்துவிடுமா? அதை விளைவித்தவர் எதை உண்டார் என்ற கேள்வியையும் எழுப்ப வேண்டியவர்களாகிறோம்.

இக்கேள்வியோடு ஊவா மாகாணத்தின் தெமோதரைக்குச் செல்வோம். அங்கே தண்டவாளம் குன்றைச் சுற்றி இறங்கி, தான் விட்டுவந்த நிலையத்துக்கு அடியிலேயே குகைவழி புகுந்து செல்கிறது. 1924இல் பதுளையை எட்டிய இப்பாதையின் நுட்பத்தை வியக்காதார் இல்லை. ஆனால் அதன் பொருளாதாரம் மிக எளியது: தேயிலை கீழே இறங்க வேண்டும், அரிசி மேலே ஏற வேண்டும். மலைச்சரிவெல்லாம் தேயிலையாகிவிட்டபின், அதைப் பறிக்கும் தமிழ்த் தொழிலாளிக்குச் சோறு கடல்கடந்தே வரவேண்டியிருந்தது.

அந்தச் சோறே விலங்குமாயிற்று. தோட்ட நிர்வாகம் அரிசியை முன்னதாகக் கொடுத்துக் கூலியில் கழித்தது. கங்காணியின் கடன் அதன்மேல் ஏறியது. கடனைக் குறித்துத் தொழிலாளியைத் தோட்டம்விட்டுத் தோட்டம் மாற்றிய ‘துண்டு’ முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. அரிசிக் கணக்கோ அதன் பின்னும் நீடித்தது. உயர்ந்த ரகத் தேயிலை கப்பலேற, லயத்து அடுப்பில் மட்டரகத் தூளே கொதித்தது. பாலற்ற சாயமும் கோதுமை ரொட்டியும் அவர்களது உணவாயின. இதை வெறும் ‘உணவுப் பழக்கம்’ என்று எழுதும் ஆராய்ச்சி, பழக்கியவர் யாரென்பதை மறைத்துவிடுகிறது.

1948இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது, வாக்குரிமையும் பறிபோயிற்று. அதன் விளைவை இரு நிகழ்ச்சிகளை ஒப்பிட்டு உணரலாம். 1953இல் பங்கீட்டு அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தபோது, ஆகஸ்ட் 12இல் ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க அவ்வாண்டிலேயே பதவி விலகினார். 1973-74இல் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது, விதைக்கச் சொந்த நிலமில்லாத தோட்ட மக்கள் பட்டினியால் மாண்டனர். எந்த அரசும் கவிழவில்லை. வாக்குள்ளவனின் பசி அரசியலாகிறது. வாக்கற்றவனின் பசி மரணப் பதிவேட்டில் ஒரு வரியாக முடிகிறது.

பழங்கதை என்று இதை ஒதுக்க முடியாது. 2016ஆம் ஆண்டின் மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டக் குழந்தைகளில் 31.7 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமற்றவர்கள். நாடு முழுவதற்கும் அவ்விகிதம் 17.3.

ஆகவே பானங்களின் வரலாற்றை எழுத முற்படும் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் நாம் சொல்வது இதுதான்: விளம்பரங்களையும் பிரமுகர்களின் நினைவுக் குறிப்புகளையும் படியுங்கள், அவற்றோடு தோட்டத்துச் செக்ரோலையும், அரிசிக் கணக்கையும், சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்களின் பாடல்களையும் படியுங்கள். கோப்பைக்கு எழுதும் வரலாற்றில் தட்டுக்கும் இடம் வேண்டும்.