கட்டம் படிக்கும் கண்

கைதேர்ந்த ஜோதிடர் ஜாதகத்தை வாங்கியதும் பலனுக்குப் போவதில்லை. கட்டம் சரியாகப் போடப்பட்டிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். சூரியன் கடகத்தில் இருந்தால் ஆடி மாதப் பிறப்பு. அதே சூரியன் லக்னத்துக்கு ஏழில் என்றால் பொழுது சாய்கிற நேரம். பத்தில் என்றால் உச்சிவேளை. சூரியனிலிருந்து சந்திரன் எத்தனை வீடு தள்ளி நிற்கிறான் என்று எண்ணினால் வளர்பிறையா தேய்பிறையா என்பது தெரிந்துவிடும். புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகாது. இரண்டு வீடு தள்ளிப் புதன் இருந்தால் எழுதியவர் எங்கோ சறுக்கியிருக்கிறார். குருவும் சனியும் இருக்கும் இடத்தை வைத்து ஆண்டையே ஏறக்குறையச் சொல்லிவிடலாம். இந்தக் கலையில் ரசிக்கத்தக்க இடம் இந்த முதல் அரை நிமிடம்தான். நம்பிக்கைக்கு அங்கே வேலையே இல்லை.

புனேயின் கிழக்கே இருக்கும் கராடி, ஈயான் ஐ.டி. பார்க், வேர்ல்டு டிரேட் சென்டர் என்று கண்ணாடிக் கட்டடங்கள் நிறைந்த பகுதி. 2023 ஆடியில், அங்கே ஒரு தமிழ்க் குடும்பத்தில், சூரியன் மறைகிற வேளையில் ஒரு குழந்தை பிறந்ததாக வைத்துக்கொள்வோம். மகர லக்னம், ஏழில் சூரியன். நாலாம் வீடான மேஷத்தில் குருவும் ராகுவும். எதிரே துலாத்தில் கேது. இதுவரை எந்தப் பஞ்சாங்கத்துக்கும் சண்டையில்லை.

சனி எங்கே என்று கேட்டால்தான் வம்பு.

திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனி 2023 ஜனவரி 17-லேயே கும்பத்துக்குப் போயாகிவிட்டது. வாக்கியப் பஞ்சாங்கப்படி டிசம்பர் 20 வரை மகரத்தில்தான். திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி நடந்ததும் அன்றைக்குத்தான். குழந்தையின் கும்பகோணத்துத் தாத்தா, வாக்கிய வகையான பாம்புப் பஞ்சாங்கத்தைப் பிரித்தால் சனி லக்னத்திலேயே உட்கார்ந்திருக்கும். ஏழாம் பார்வை நேரே சூரியன் மேல் விழும். சூரியன் பிதுர்காரகன் அல்லவா, "அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒத்துவராது" என்று ஆரம்பித்துவிடுவார். திருக்கணிதத்தில் அதே சனி இரண்டாம் வீட்டில், வாக்கு, தனம், குடும்பத்தைக் குறிக்கும் இடத்தில். அங்கிருந்து மூன்றாம் பார்வையாக நாலாம் வீட்டுக் குரு, ராகுவைப் பார்க்கும். அப்பா தப்பித்தார், பேச்சு வரத் தாமதமாகுமா, வீடு வாசல் எப்படி அமையும் என்று கதை வேறு பக்கம் திரும்பிவிடும். மகரம், கும்பம் இரண்டுமே சனியின் சொந்த வீடு என்பதால் ஆட்சி பலம் மட்டும் எங்கேயும் போகவில்லை. வானத்தோடு ஒத்துப்போவது திருக்கணிதம். பரம்பரை ஜோதிடர்களில் பலர் வாக்கியத்தை விடுவதாக இல்லை.

கராடியில் அக்கம்பக்கத்து மராத்தியர்கள் எழுதி வாங்கும் குண்டலியைப் பார்த்தால் தமிழ்க் கண்ணுக்கு ஒன்றும் பிடிபடாது. நம் சதுரத்தில் மீனம் எப்போதும் இடது மேல் மூலையில். ராசிகள் அசையாது, 'ல' என்ற எழுத்துத்தான் இடம் மாறும். அங்கே மேலே நடுவிலுள்ள வைரக்கட்டம் யாருக்கும் லக்னம்தான். வீடுகள் அசையாது, ராசி எண்கள் இடம் மாறும். எண்ணுவதும் இடச்சுற்று. எத்தனையாம் வீடு என்பது அதில் சட்டென்று தெரியும். உச்ச நீசம், கிரகப் பார்வை எல்லாம் நம் சதுரத்தில்தான் தெளிவு என்பது இக்கட்டுரையாளரின் கட்சி. பழக்கதோஷமாகவும் இருக்கலாம்.

தசைக் கணக்கும் அழகானது. சந்திரன் ரோகிணியில் கால்வாசி கடந்திருந்தால், பத்து வருஷ சந்திர தசையில் கர்ப்பச்செல், அதாவது பிறக்கும் முன்பே கழிந்த பங்கு போக, இருப்பு ஏழரை வருஷம். அதன் பிறகு செவ்வாய் 7, ராகு 18, குரு 16 என்று 120 வருஷத்துக்கு ஒரு வரிசை.

இவ்வளவு நேர்த்தியான கணக்கிலிருந்து வரும் பலன் நிற்குமா? அதைச் சோதித்ததும் புனேதான். வானியலாளர் ஜெயந்த் நார்லிகர் 2008-இல், மூடநம்பிக்கை எதிர்ப்பாளர் நரேந்திர தபோல்கர் உள்ளிட்டோருடன் சேர்ந்து, நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் 100 பேர், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் 100 பேர் ஆகியோரின் ஜாதகங்களைத் திரட்டினார். ஜோதிடர் ஒவ்வொருவருக்கும் 40 ஜாதகம். எது எந்த வகைப் பிள்ளையுடையது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். விடை அனுப்பியவர்கள் 27 பேர். அதிகபட்சம் சரியாகச் சொன்னவருக்கு 24. எல்லோருடைய சராசரியும் பாதிக்குக் கீழே. காசைச் சுண்டியிருந்தாலும் பாதி தேறியிருக்கும். எதிரே ஆள் உட்கார்ந்திருக்க, "பையன் என்ன பண்றான்?" என்று பேச்சுவாக்கில் விசாரித்துக்கொண்டே கட்டத்தைப் படிப்பதுதான் இந்தத் தொழிலின் சாமர்த்தியம். அந்தச் சோதனையில் கேட்க ஆளில்லை.

கணக்கின் ருசிக்காகவே ஜாதகம் எழுதுகிறவர்கள் ஊர் விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். கைப்பேசிச் செயலியில் பிறந்த இடத்தைப் பலர் 'சென்னை' என்றே விட்டுவிடுகிறார்கள். கராடி அதற்கு ஆறு பாகைக்கு மேல் மேற்கே இருக்கிறது; கடிகாரம் ஒன்றானாலும் உள்ளூர் நேரம் 25 நிமிடம் பிந்தியது. நவாம்ச லக்னமோ ஏறக்குறைய 13 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிவிடும். திருமணப் பொருத்தத்துக்கு நவாம்சத்தைப் பார்ப்பவர்கள் அப்போது பார்த்துக்கொண்டிருப்பது வேறு யாரோ ஒருவரின் நவாம்சம்.