நால்வர் இசை: மரபும் அளவுகோலும்

இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ ஆகிய நான்கு கருவிகளுக்காக எழுதப்படும் இசை ஸ்டிரிங் குவார்ட்டெட். பதினெட்டாம் நூற்றாண்டில் இது உருவானபோது மாலைக் கச்சேரிக்கு மெழுகுவர்த்தியே வெளிச்சம். மாளிகையின் சிறு கூடத்தில் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நெருங்கி உட்கார்ந்து வாசித்தார்கள். லண்டனின் செயின்ட் மார்ட்டின் தேவாலயம் போன்ற இடங்களில் இன்றும் மெழுகுவர்த்தி ஏற்றிக் கச்சேரி நடத்துகிறார்கள். அது வெறும் அலங்காரம் அல்ல. வெளிச்சம் குறைந்தால் பக்கத்தில் இருப்பவரின் வில் சரியாகத் தெரியாது. மூச்சைக் கேட்டுத்தான் எடுப்பைப் பிடிக்க வேண்டும். பல்லாண்டு சேர்ந்து வாசித்த குழுவின் பலம் அங்கே வெளிப்படும்.

இந்த வடிவத்தை நிலைநிறுத்தியவர் ஜோசப் ஹைடன். அவர் எழுதியவை 68. எஸ்தர்ஹாசி இளவரசரிடம் பணியில் இருந்த காலத்தில், 1772இல், அவர் இயற்றிய ஓபஸ் (படைப்பு எண்) 20 தொகுதியில் செல்லோ வெறும் துணைக்கருவியாக இல்லாமல் தானே ராகம் பேசத் தொடங்கியது. வாசிப்பவர்கள் ஒவ்வொருவராக மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு வெளியேறும் ‘விடைபெறும்’ சிம்ஃபனியையும் அவர் அதே ஆண்டில்தான் எழுதினார். மோட்சார்ட் 1785இல் ஆறு குவார்ட்டெட்டுகளை ஹைடனுக்குக் காணிக்கையாக்கி வெளியிட்டார்.

பீத்தோவன் எழுதியவை வீட்டுக்கூடத்தில் பொழுதுபோக்காக வாசிப்பவர்களின் கைக்கு அடங்கவில்லை. தொழில்முறைக் குழு தேவைப்பட்டது. வியன்னாவில் வயலின் கலைஞர் ஷுப்பன்ஸிக் அந்தப் பொறுப்பை ஏற்றார். 1825இல் பீத்தோவனின் ஓபஸ் 127 அவர் கையில் சரியாக அமையாமல் போகவே, மற்றொரு வயலின் கலைஞரான யோசஃப் பேம் அதைப் பயின்று வாசித்து மதிப்பைத் தேடித் தந்தார். பேமின் மாணவர் யோவாகிம். பெர்லினில் 1869 முதல் 1907 வரை இயங்கிய யோவாகிம் குழுவே ஜெர்மானிய வழிக்கு உரைகல். அதில் முதல் வயலினே தலைமை. மற்ற மூவரும் அதைத் தழுவிச் செல்வார்கள். 1903இல் யோவாகிம் தனித்து வாசித்த பதிவுகளில், விப்ராட்டோ எனும் விரலதிர்வு மிகச் சிக்கனமாக வருவதைக் கேட்கலாம்.

யோவாகிமிடம் பயின்ற ஹுபாய் புடாபெஸ்டில் ஹங்கேரிய வழியை வளர்த்தார். ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கின் ஆறு குவார்ட்டெட்டுகளுக்கு அந்த மண்ணின் பேச்சுத்தாளம் பிடிபட்டவர்கள் தந்த வேகம் தனி. பிராகில் தோன்றிய செக் வழியில் குழைவு அதிகம். 1945இல் தொடங்கிய ஸ்மெதானா குழு தாள் வைக்காமல் மனப்பாடமாகவே வாசித்துப் பெயர் பெற்றது. மாஸ்கோவில் அதே ஆண்டு பிறந்த போரோதின் குழு, விரலதிர்வே இல்லாத வெளிறிய நாதத்தை ஒரு வண்ணமாகக் கையாண்டது. ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் பதினைந்தாம் குவார்ட்டெட்டில் ஆறு பகுதிகளும் அடாஜியோ, அதாவது விளம்பம். அந்த நாதம் இல்லாமல் அதை நினைத்துப் பார்ப்பதே கடினம். அமெரிக்காவில் 1946இல் அமைந்த ஜூலியர்ட் குழு, நான்கு குரலும் சமமாக, கூர்மையாகக் கேட்க வேண்டும் என்றது. குவார்னேரி குழுவோ வில்வீச்சு நால்வருக்கும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்று விட்டுவிட்டது.

ஒரு குழுவை மதிப்பிடும் அளவுகோல்களில் முதலிடம் சுருதிக்கே. செல்லோவின் அடித்தந்தி சி. அதிலிருந்து சுத்தப் பஞ்சமங்களாக ஜி, டி, ஏ, ஈ என்று ஏறினால், வயலினின் ஈ தந்தி அந்தச் சி-க்கு இயல்பான காந்தாரமாக நிற்காது; 81/80 அளவு ஏறியிருக்கும். நம் இசை நூல்கள் பிரமாண சுருதி என்று சொல்லும் இடைவெளி இதுதான். முடிவுச் சேர்க்கையில் அந்த இரண்டு தந்தியும் சேர்ந்து ஒலித்தால் காது உடனே கண்டுகொள்ளும். அதனால் சில குழுக்கள் பஞ்சமங்களைச் சற்றே குறுக்கிச் சுருதி சேர்க்கின்றன. சில, ஈ தந்தியைத் திறந்து விடாமல் வேறு தந்தியில் விரல் வைத்து இறக்கிக்கொள்கின்றன. முதல் வயலினோ மேலே தனித்துப் பாடும்போது ஸ்வரத்தைச் சற்று ஏற்றிப் பிடிக்க விரும்பும். எந்த இடத்தில் எதற்கு விட்டுக்கொடுப்பது என்பதை ஒத்திகையில் ஸ்வரம் ஸ்வரமாகப் பேசித் தீர்க்கிறார்கள். பழைய ஆட்டுக்குடல் நரம்புத் தந்திகள் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் சுருதி மாறும் என்பதால், கூட்டம் நிறைந்த கூடத்தில் இந்த ஏற்பாடு நடுவிலேயே கலையும்.

அடுத்தது சமநிலை. வியோலாவின் நடுக்குரல் மறையாமல் இருக்கிறதா, இரண்டாம் வயலின் தேவைப்பட்ட கணத்தில் முதல் வயலினின் நிறத்துக்கு மாறுகிறதா என்று தேர்ந்த ரசிகர்கள் கவனிப்பார்கள்.

உறுப்பினர் மாறினால் குழு என்ன ஆகும் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. 1947இல் அமைந்த அமதேயுஸ் குழு நாற்பது ஆண்டுகள் அதே நால்வரோடு இருந்தது. 1987இல் வியோலா வாசித்த ஷிட்லாஃப் மறைந்ததும் கலைந்தது. புடாபெஸ்ட் குழுவில் ஒவ்வொருவராக மாறி, இறுதியில் நால்வருமே ரஷ்யப் பின்னணியினர். போரோதின் குழுவின் செல்லோ கலைஞர் பெர்லின்ஸ்கி 1945 முதல் 2007 வரை இடத்தைவிட்டு நகரவில்லை. புதிதாக வந்தவர்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தே அந்த நாதத்தைக் கற்றார்கள். அவர் விலகிய பிறகும் குழு அதே பெயரில் வாசித்து வருகிறது.