சக்தியால் ஆகாதது: சூப்பர் ஹீரோ தொடர்களை எப்படி ரசிப்பது?

அமெரிக்கத் தொலைக்காட்சியில் சூப்பர் ஹீரோ தொடர்களுக்கு எழுபது ஆண்டுகளுக்கு மேல் வயதாகிறது. ஜார்ஜ் ரீவ்ஸ் சூப்பர்மேனாக நடித்த ‘அட்வென்ச்சர்ஸ் ஆஃப் சூப்பர்மேன்’ 1952-ல் தொடங்கி 1958 வரை ஓடியது. அன்று முதல் இன்று வரை இந்த வகைத் தொடர்களுக்கு இரண்டு விஷயங்கள் மாறவில்லை. சினிமாவோடு ஒப்பிட்டால் கையில் பணம் குறைவு, நேரம் அதிகம். பறப்பதையும் கட்டடங்கள் சரிவதையும் வாரம்தோறும் காட்டக் கட்டுப்படியாகாது. ஆனால் ஒரு மனிதன் வீட்டில், வேலையிடத்தில், நட்பில், காதலில் எப்படி இருக்கிறான் என்பதை நூறு மணி நேரம்கூடக் காட்டலாம். நல்ல தொடர்கள் இந்தக் குறையையும் நிறைவையும் பயன்படுத்தி, நாயகனின் சக்தியால் எது ஆகாது என்ற கேள்வியில் கதையைக் கொண்டுவந்து நிறுத்துகின்றன. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் இந்தத் தொடர்களின் அருமை புரியும்.

முதலில் தொனியைப் பிடிப்பது

எந்தத் தொடரையும் அதன் தொனி தெரியாமல் மதிப்பிட முடியாது. 1966 ஜனவரியில் ஏபிசி சேனலில் தொடங்கிய ‘பேட்மேன்’ இதற்கு நல்ல பாடம். ஆடம் வெஸ்ட் பேட்மேனாகவும் பர்ட் வார்ட் ராபினாகவும் நடித்த இத்தொடர் 1968 வரை 120 எபிசோடுகள் வந்தது. முதல் இரண்டு சீசன்களில் வாரத்துக்கு இரண்டு நாள் ஒளிபரப்பு: புதன்கிழமை நாயகர்கள் பொறியில் சிக்குவார்கள், வியாழக்கிழமை தப்புவார்கள். சண்டையில் குத்து விழும்போது அதன் சத்தம் பெரிய எழுத்தில் திரையை நிறைக்கும். வில்லன்களின் கூடாரத்துக்குள் போனதும் கேமரா சாய்ந்துவிடும். கோணல் மனிதர்களைக் கோணலாகவே காட்டும் உத்தி அது.

இதை அசட்டுத்தனம் என்று ஒதுக்குபவர்கள் ஆடம் வெஸ்ட்டின் முகத்தைக் கவனிக்க வேண்டும். எவ்வளவு அபத்தமான சூழலிலும் அவர் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட வராது. சாலை விதிகளைக் கடைப்பிடிப்பது பற்றி ராபினுக்கு அறிவுரை சொல்லும்போதும் உலகமே தன் சொல்லில் தொங்குவதுபோல் பேசுவார். குழந்தைகளுக்கு அது உண்மையான சாகசம். பெரியவர்களுக்கு அதே காட்சி நகைச்சுவை. இரண்டையும் ஒரே நடிப்பில் தாங்குவது எளிதல்ல. இந்தத் தொடரிடம் இருண்ட மனப்போராட்டத்தை எதிர்பார்ப்பதும், பிற்காலத்து ‘டேர்டெவில்’ தொடரிடம் இந்த வண்ணக் கோலாகலத்தை எதிர்பார்ப்பதும் ஒரே தவறு. தொடர் தன்னை என்னவாக அறிவித்துக்கொள்கிறது என்பது பெரும்பாலும் முதல் எபிசோடிலேயே தெரிந்துவிடும். அந்த அறிவிப்பை ஏற்றுக்கொண்டு பார்க்கத் தொடங்குவது முதல் படி.

காட்டாமல் வைப்பதைக் கவனிப்பது

பணம் குறைவு என்பதைக் கலையாக மாற்றிய தொடர்களில் ‘தி இன்கிரெடிபிள் ஹல்க்’ முன்னோடி. கென்னத் ஜான்சன் உருவாக்கிய இத்தொடர் 1977-ல் தொலைக்காட்சிப் படமாக அறிமுகமாகி, 1978 முதல் 1982 வரை சிபிஎஸ் சேனலில் வந்தது. பில் பிக்ஸ்பி விஞ்ஞானி டேவிட் பேனராகவும், உடற்பயிற்சி வீரர் லூ ஃபெரிக்னோ பச்சை உடல் ஹல்க்காகவும் நடித்தார்கள். ஒரு மணி நேர எபிசோடில் ஹல்க் வந்துபோகும் நேரம் மிகக் கொஞ்சம். வந்தாலும் பேசுவதில்லை, உறுமுவதோடு சரி. மீதி நேரமெல்லாம் ஊர் ஊராக ஒளிந்து திரியும் ஒரு மனிதனின் கதை: புதிய பெயர், கிடைத்த வேலை, புதிதாக ஒட்டிக்கொள்ளும் மனிதர்கள், பின்தொடரும் பத்திரிகை நிருபர்.

இங்கே ரசிக்க வேண்டியது கோபம் வரும் முன்பான நிமிடங்களை. பேனர் கோபத்தைத் தவிர்க்கப் படும் பாட்டை பிக்ஸ்பி குரலைத் தாழ்த்தியும் பார்வையை விலக்கியும் காட்டுவார். ஒரு கட்டத்தில் கேமரா அவர் கண்ணுக்கு வெகு அருகே போகும். கண்மணியின் நிறம் மாறும். பிறகு சட்டை கிழியும். மாற்றத்தைவிட அதைத் தள்ளிப்போடும் முயற்சியில்தான் பரபரப்பு இருக்கிறது. எபிசோடு முடியும்போது ஜோ ஹார்னலின் பியானோ இசை ஒலிக்க, பேனர் பையோடு நெடுஞ்சாலையில் தனியாக நடந்து போவார். எந்தச் சுவரையும் உடைக்கும் பலம் அவருக்குள் இருக்கிறது. ஓர் ஊரில் நிலையாகத் தங்க அந்தப் பலம் உதவாது. இந்த முரண் வாரம்தோறும் திரும்பத் திரும்ப வருவதால்தான் அதன் கனம் கூடுகிறது. இரண்டு மணி நேர சினிமாவுக்கு இந்த வசதி கிடையாது.

நீண்ட காலத்தின் பலன்

‘ஸ்மால்வில்’ 2001 முதல் 2011 வரை பத்து சீசன்கள், 217 எபிசோடுகள் ஓடியது. கிளார்க் கென்ட் சூப்பர்மேன் ஆவதற்கு முந்தைய கதை இது. சூப்பர்மேன் உடையும் கூடாது, பறக்கவும் கூடாது என்று தயாரிப்பாளர்களே தங்களுக்கு விதி வகுத்துக்கொண்டார்கள். டாம் வெல்லிங் நடித்த கிளார்க், மைக்கேல் ரோசன்பாம் நடித்த லெக்ஸ் லூதர் ஆகிய இருவரின் நட்புதான் முதல் சில சீசன்களின் உயிர்நாடி.

முதல் எபிசோடில் லெக்ஸின் கார் கிளார்க்கை மோதி, பாலத்தின் தடுப்பை உடைத்துக்கொண்டு ஆற்றில் விழுகிறது. கிளார்க் அவனைக் காப்பாற்றுகிறான். மோதியும் இவன் எப்படிப் பிழைத்தான் என்ற சந்தேகம் லெக்ஸுக்குள் அன்றே விழுந்துவிடுகிறது. நன்றியும் சந்தேகமும் ஒரே நொடியில் பிறக்கின்றன. இருவரும் பின்னாளில் பரம எதிரிகள் ஆவார்கள் என்று பார்வையாளருக்குத் தெரியும்; பாத்திரங்களுக்குத் தெரியாது. அதனால் லெக்ஸ் செய்யும் ஒவ்வொரு நல்ல காரியமும் வலிக்கிறது. கிளார்க் சொல்லும் ஒவ்வொரு சிறு பொய்யும் எங்கே போய் முடியும் என்று மனம் கணக்குப் போடுகிறது. இந்தத் தொடரைப் பார்க்கும்போது ‘அடுத்து என்ன நடக்கும்’ என்ற கேள்வியைவிட ‘இந்த நட்பு எந்த இடத்தில் விரிசல் விட்டது’ என்ற கேள்வி அதிகப் பலன் தரும்.

அதிவேகம்கூட ஒன்றும் செய்ய முடியாத இடத்துக்கு ‘தி ஃப்ளாஷ்’ (2014–2023) தொடரின் முதல் சீசன் கடைசி எபிசோடு உதாரணம். கிராண்ட் கஸ்டின் நடித்த பேரி ஆலன், தாய் கொல்லப்பட்ட இரவுக்கே காலத்தில் பின்னோக்கி ஓடுகிறான். சீசன் முழுக்க அவன் தவித்தது இந்த நிமிடத்துக்காக. ஆனால் அங்கே ஏற்கெனவே நிற்கும் அவனுடைய இன்னொரு உருவம், தலையிடாதே என்று சைகை காட்டுகிறது. அவன் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முடிந்தபின் தாயருகே வந்து முகமூடியைக் கழற்றுகிறான். தான் யார் என்று சொல்லி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடைகொடுக்கிறான். உலகிலேயே வேகமான மனிதன் அசையாமல் உட்கார்ந்திருக்கும் காட்சி இது. முந்தைய இருபத்திரண்டு எபிசோடுகளையும் பார்த்து வந்தவர்களுக்குத்தான் இதன் முழு பலம் கிடைக்கும்.

சண்டைக் காட்சியைப் பார்ப்பது

சண்டையை ரசிக்க மூன்று கேள்விகள் போதும். யாருக்காக நடக்கிறது? கேமரா எங்கே நிற்கிறது? சண்டை முடிந்ததும் உடல் எப்படி இருக்கிறது?

நெட்ஃப்ளிக்ஸின் ‘டேர்டெவில்’ (2015–2018) முதல் சீசன் இரண்டாம் எபிசோடில் வரும் தாழ்வாரச் சண்டை மூன்றுக்கும் பதில் சொல்கிறது. சார்லி காக்ஸ் நடித்த மேட் மர்டாக், கடத்தப்பட்ட ஒரு சிறுவனை மீட்கப் போகிறான். முன்பே அடிபட்டுத் தையல் போட்ட உடல். கேமரா குறுகலான தாழ்வாரத்தைவிட்டு நகராமல், வெட்டே தெரியாத ஒரே ஷாட்டாக முன்னும் பின்னும் போய்வருகிறது. அறைக்குள் நடக்கும் அடிதடி காதில் மட்டும் விழும். பிறகு கதவு வழியாக ஓர் ஆள் வந்து விழுவான். அடிபட்டவர்கள் ஒரே குத்தில் ஓய்ந்துவிடுவதில்லை, மறுபடி எழுந்து வருகிறார்கள். மேட் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்குகிறான், தள்ளாடுகிறான், குறி தவறுகிறான்.

அதே எபிசோடில் அவன் சிறுவயதுக் காட்சிகளும் வருகின்றன. அவன் தந்தை குத்துச்சண்டை வீரர். பணத்துக்காகத் தோற்க ஒப்புக்கொண்ட ஆட்டத்தில், மகனுக்காகத் தோற்க மறுத்து நிற்கிறார். அதற்கு உயிரையே விலையாகக் கொடுக்கிறார். விழுந்தாலும் எழுவது என்ற குடும்பக் குணம் தாழ்வாரத்தில் மகனிடம் திரும்ப வருவதைப் பார்த்தால், அந்தச் சண்டை வெறும் ஸ்டன்ட்டாகத் தெரியாது.

வில்லனின் காலை நேரம்

அதே தொடரில் வின்சென்ட் டனோஃப்ரியோ நடித்த வில்சன் ஃபிஸ்க், நிதானமாகக் கவனித்தால் பிடிபடும் பாத்திரம். முதல் சீசனின் எட்டாம் எபிசோடு அவர் காலையில் கண் விழிப்பதில் தொடங்குகிறது. எதிரே வெள்ளை ஓவியம். பிறகு தனக்கே ஆம்லெட் செய்கிறார், ஒழுங்காக அடுக்கிய கோட்டுகளில் ஒன்றையும், தட்டிலிருந்து சட்டைக் கைப்பொத்தான்களையும் தேர்ந்தெடுக்கிறார். கண்ணாடியில் தெரிவதோ ரத்தம் தெறித்த ஒரு சிறுவன். அந்த ஓவியத்தை ஏன் வாங்கினார் என்பதற்கும் இதே எபிசோடில் விடை கிடைக்கிறது. சிறுவயதில் தந்தை அவரை வெறித்துப் பார்க்கச் சொன்ன வெள்ளைச் சுவரைத்தான் இன்று விலைகொடுத்து வாங்கிப் படுக்கையறையில் மாட்டியிருக்கிறார்.

இப்படிப்பட்ட காட்சிகளில் வசனத்தைவிட பொருட்கள் அதிகம் பேசுகின்றன. ஒரே பொருள் இரண்டாம் முறை திரையில் வந்தால், அது முதலில் எங்கே வந்தது என்று நினைவுபடுத்திக்கொள்வது நல்ல பழக்கம்.

வடிவமே கதையாகும்போது

ஜாக் ஷேஃபர் உருவாக்கி, மேட் ஷாக்மேன் இயக்கிய ‘வாண்டாவிஷன்’ (2021) ஒன்பது எபிசோடுகள் கொண்டது. காதலன் விஷனை இழந்த வாண்டா, தன் சக்தியால் ஒரு சிற்றூரையே பழைய அமெரிக்கக் குடும்ப நகைச்சுவைத் தொடராக மாற்றி அதற்குள் அவனோடு வாழ்கிறாள். முதல் எபிசோடு 1950-களின் பாணியில் கறுப்பு வெள்ளையில், பார்வையாளர்களை அரங்கில் உட்காரவைத்தே எடுக்கப்பட்டது. பொருட்கள் பறக்கும் காட்சிகளுக்குக் கம்பிகள் கட்டி இழுத்தார்கள். சிவப்பு நிற விஷன் பாத்திரத்துக்கு, கறுப்பு வெள்ளையில் சரியாகத் தெரிவதற்காக நீல வண்ணம் பூசினார்கள்.

அந்த எபிசோடின் இரவு விருந்துக் காட்சியை நிறுத்தி நிதானமாகப் பார்க்கலாம். விருந்துக்கு வந்த முதலாளிக்குத் தொண்டையில் உணவு சிக்குகிறது. சிரிப்பொலி நின்றுவிடுகிறது. அதுவரை மேடை நாடகம்போல் தள்ளி நின்ற கேமரா முகங்களுக்கு அருகே வருகிறது. அவர் மனைவி புன்னகை மாறாமல் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். குரலில் மட்டும் கெஞ்சல் ஏறுகிறது. வாண்டா சொன்னதும் விஷன் அவரைக் காப்பாற்ற, கேமரா பழைய இடத்துக்கே திரும்புகிறது, எல்லாரும் எதுவும் நடக்காததுபோல் எழுந்துகொள்கிறார்கள். இந்த உலகம் யாரோ கட்டிவைத்தது என்பதை ஒரு வசனமும் இல்லாமல் கேமரா சொல்லிவிடுகிறது. இடையில் வரும் டோஸ்டர் விளம்பரத்தில் கறுப்பு வெள்ளைக்கு நடுவே ஒரு சிவப்பு விளக்கு மட்டும் மின்னும். சிறுவயதில் வெடிக்காமல் தன் முன் கிடந்த குண்டை வாண்டா மறக்கவில்லை என்பதற்கான அடையாளம் அது. ஊரையே மாற்றும் சக்தியால் ஒரு துக்கத்தை மாற்ற முடியவில்லை.

வரலாறும் பழைய நினைவும்

சில தொடர்களுக்குப் பின்புலம் கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது. டேமன் லிண்டெலாஃபின் ‘வாட்ச்மென்’ (2019), 1921-ல் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் கறுப்பின மக்கள் மீது நடந்த படுகொலையோடு தொடங்குகிறது. அது கற்பனை அல்ல. முகமூடியை ஒருவர் ஏன் அணிகிறார் என்ற கேள்விக்கு இத்தொடர் இனவெறியின் வரலாற்றிலிருந்து பதில் தேடுகிறது. பெரும்பகுதி கறுப்பு வெள்ளையில் வரும் ஆறாம் எபிசோடு அதன் உச்சம். ‘மிஸ் மார்வெல்’ (2022) தொடரின் நாயகி கமலா கான் நியூ ஜெர்சியில் வளரும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண். அவள் கதை 1947-ன் பிரிவினைக்கால ரயில் நிலையம்வரை போகிறது.

நீண்டகால ரசிகர்களுக்கென்று வைக்கப்பட்ட பரிசுகளும் உண்டு. 1990-ல் வந்த பழைய ‘ஃப்ளாஷ்’ தொடரின் நாயகன் ஜான் வெஸ்லி ஷிப், 2014 தொடரில் பேரியின் தந்தையாக நடித்தார். 2019 டிசம்பரில் தொடங்கிய ‘கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’ சிறப்புத் தொகுப்பில், பழைய ஃப்ளாஷாகவே திரும்பி வந்து உயிர்த்தியாகம் செய்தார். இதெல்லாம் தெரியாதவருக்கும் கதை புரியும். தெரிந்தவருக்கு நெஞ்சு நிறையும்.

பார்க்கும் முறை

சீசனுக்கு 22, 23 எபிசோடுகள் கொண்ட தொடர்கள் வாரம் ஒன்றாகப் பார்ப்பதற்கு எழுதப்பட்டவை. ஒரே மூச்சில் பார்த்தால் அந்தந்த வார வில்லன்கள் அலுப்பூட்டுவார்கள். நாளைக்கு ஒன்றிரண்டு போதும். ‘டேர்டெவில்’ போன்ற 13 எபிசோடு சீசன்களை மூன்று நான்கு நாட்களில் பார்க்கலாம். தமிழ் டப்பிங் கிடைத்தாலும், முக்கியமான காட்சிகளை மூலக் குரலில் ஒருமுறை கேட்பது நல்லது. ஃபிஸ்க்கின் திக்கித் திணறும் பேச்சும், வாக்கியத்தின் நடுவே அவர் விடும் இடைவெளியும் நடிப்பின் பாதி.

புதிதாகத் தொடங்குபவர் ‘வாண்டாவிஷன்’, ‘டேர்டெவில்’ முதல் சீசன், ‘ஃப்ளாஷ்’ முதல் சீசன் என்ற வரிசையில் போகலாம். முதலாவது வடிவத்தையும், இரண்டாவது உடலையும், மூன்றாவது குடும்பப் பாசத்தையும் கவனிக்கப் பழக்கும். அதன்பின் பழைய ‘ஹல்க்’, ‘பேட்மேன்’ பக்கம் போனால் அவற்றின் எளிமை குறையாகத் தெரியாது.

பார்த்து முடித்ததும் ‘சூப்பர்’, ‘மொக்கை’ என்று சொல்வது இயல்பு. அந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தக் காட்சி நின்றது, அதில் யாருடைய முகம் மனதில் தங்கியது, அங்கே சக்தியால் ஆகாமல் போனது எது என்று மூன்றையும் சொல்லிப் பார்க்கலாம். மூன்றுக்கும் பதில் இருக்கும் எபிசோடு இரண்டாம் முறை பார்க்கத் தகுதியானது. ஒன்றுக்கும் பதில் இல்லையென்றால், எத்தனை கட்டடங்கள் சரிந்திருந்தாலும் அதைத் தயங்காமல் தாண்டிப்போகலாம்.