ஆமுக்தமால்யதா தமிழுக்கு வந்த திறம்

கற்றலையும் தேர்ந்த முடிவெடுப்பையும் முதலாகக் கொண்ட அறிவுப்பணியில் தேர்ச்சி எத்தகையது என்பதற்கு, இராஜபாளையத்து அறிஞர் மு. கு. ஜகந்நாத ராஜாவின் மொழிபெயர்ப்பு அரிய சான்றாகும். 16ஆம் நூற்றாண்டில் விஜயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் இயற்றிய 'ஆமுக்தமால்யதா', அண்டை ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரின் பெரியாழ்வாரையும் ஆண்டாளையும் பாடுவது; பல வடசொற்கள் ஒன்றாகப் பிணைந்த 'சமாசம்' எனும் நெடுந்தொடர்கள் மிகுந்து, தெலுங்கில் பயின்றோரையும் தயங்கவைப்பது. அதைத் தமிழாக்கியமைக்காக அவருக்கு 1989ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு வழங்கப்பட்டது. சமாச நெடுந்தொடரை எங்கே பிரிப்பது, எந்த அடையை முன்னிறுத்துவது, தமிழ் ஓசைக்காக எதை விட்டுக்கொடுப்பது என்னும் முடிவுகளை அகராதி தருவதில்லை. பிராகிருத 'காதா சப்தசதி'யையும் தமிழில் தந்த அவரது பன்மொழிப் பயிற்சியே, அம்முடிவுகளை எடுப்பதற்கான, பரிசைக் காட்டிலும் போற்றத்தக்க நிதானத்தை வளர்த்தது எனலாம்.