தக்கைக்காரர்கள்

ஒயினைப் பற்றி நாள் முழுக்கப் பேசுகிறவர்கள்கூட அதன் தக்கையைப் பிடுங்கி மேசையோரம் போட்டுவிடுவார்கள். எனக்கு அந்தத் தக்கைமேல்தான் கண்.

போர்ச்சுகலின் அலென்தேஜோ வட்டாரத்தில் ஏராளமாக வளரும் ஒருவகை ஓக் மரத்தின் பட்டை அது. கோடையில் கோடரிக்காரர்கள் இரண்டிரண்டு பேராக வருவார்கள். மரத்தைச் சாய்க்க அல்ல. பட்டையை மட்டும் பெரிய பெரிய பலகையாக உரித்தெடுக்க. வெட்டு சற்று ஆழம் போனாலும் உள்ளே உயிரோட்டமுள்ள படலம் காயப்படும், அந்த இடத்தில் பட்டை திரும்ப ஒழுங்காக வளராது. உரித்த அடிமரம் நாளடைவில் செக்கச்செவேலென்று ஆகிவிடும். அதன்மேல் வெள்ளைச் சாயத்தில் ஓர் எண் எழுதுவார்கள்: உரித்த ஆண்டின் கடைசி இலக்கம். 2024இல் உரித்ததற்கு 4. அடுத்த முறை கோடரி படக் குறைந்தது 9 ஆண்டுகள் ஆக வேண்டும், அது சட்டம்.

முதல் உரிப்புக்கே மரத்துக்கு ஏறத்தாழ 25 வயதாக வேண்டும். அதுவும் முதல் இரண்டு உரிப்புகளின் பட்டை பாட்டில் தக்கைக்கு உதவாது, மூன்றாவதுதான் தேறும். எந்த வங்கி இதற்குக் கடன் கொடுக்கும்!

குறை இல்லாமலில்லை. டிசிஏ என்ற சேர்மம் தக்கையில் இருந்துவிட்டால் நல்ல ஒயினும் நனைந்த அட்டைப்பெட்டி போல நாறும். அதில் வெறுத்துப்போய், ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு ஒயின்காரர்கள் சிலர் 2000இல் ஒன்றுசேர்ந்து தங்கள் ரீஸ்லிங் வெள்ளை ஒயினைத் திருகுமூடிக்கு மாற்றினார்கள். இளம் வெள்ளை ஒயினுக்கு அது போதும் என்றே நானும் சொல்வேன். பல ஆண்டு படுக்கவைத்துக் காக்கும் சிவப்புக்கு மட்டும் தக்கைதான் வேண்டும். இந்தப் பிடிவாதத்துக்கு அறிவியல் எவ்வளவு துணை நிற்கும் என்று என்னைக் கேட்காதீர்கள்.