கரையில் புகுந்தது, கப்பலில் தணிக்கை

பீலெஃபெல்ட் கடலோர நகரம் அல்ல. ஆனாலும் ஜெர்மனியின் பெரிய கப்பல் கம்பெனிகளில் ஒன்று பல பத்தாண்டுகள் அந்த ஊர்க்காரர்களின் சொத்தாக இருந்தது. பேக்கிங் பவுடரில் பெயரெடுத்த ஓட்கர் குடும்பம் 1936இல் ஹாம்பர்க் ஸூட் கம்பெனியில் பங்கு வாங்கி, 1955இல் முழு உரிமையும் பெற்றது. 2016 டிசம்பரில் அதை இன்னொரு கப்பல் கம்பெனியான மெர்ஸ்க்குக்கு விற்க ஒப்பந்தமானது. கம்பெனி கைமாறுவதற்கு முன்பே, 2017 ஜூன் 27 அன்று, வாங்கவிருந்த மெர்ஸ்க் நாட்பெட்யா என்ற கணினி வைரஸ் தாக்குதலில் முடங்கிப்போனது.

பத்தே நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் மறுபடி நிறுவி மெர்ஸ்க் எழுந்து நின்ற கதையை இன்றும் வீரகாவியம்போலச் சொல்கிறார்கள். அந்த உழைப்பைக் குறைசொல்ல மாட்டேன். 25 முதல் 30 கோடி டாலர் நஷ்டம் என்று வெளிப்படையாகச் சொன்னதும் பாராட்டத் தக்கதே. கசப்பது, அதிலிருந்து இந்தத் தொழில் கற்றுக்கொண்ட பாடம். ‘மனிதன்தான் பலவீனமான கண்ணி, ஆகவே மாலுமிக்குப் பயிற்சி கொடு’ என்பதே அந்தப் பாடம்.

நாட்பெட்யா எந்த வழியாக வந்தது? உக்ரைனில் கணக்கு எழுதப் பயன்பட்ட எம்.இ.டாக் என்ற மென்பொருளின் அப்டேட் வழியாக. எந்த மாலுமியும் எதையும் கிளிக் செய்யவில்லை. கப்பல்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. நின்றவை சரக்குப் பதிவும் துறைமுக முனையங்களும். மும்பைக்கு அருகே நவா சேவாவில் மெர்ஸ்க் குழுமத்தின் முனையமும் மாட்டிக்கொண்டது.

அதே ஜூன் மாதம், தாக்குதலுக்குச் சில நாள் முன்புதான், சர்வதேச கடல்சார் அமைப்பு ஒரு தீர்மானம் போட்டிருந்தது: 2021 முதல் கப்பலின் பாதுகாப்பு மேலாண்மை முறைக்குள் சைபர் ஆபத்தும் சேர வேண்டும். நல்ல தொடக்கம்தான். 2024 ஜூலைக்குப் பின் ஒப்பந்தமாகும் புதுக் கப்பல்களுக்கு வந்த கட்டாய விதிகள் இன்னும் உருப்படியானவை, ஏனென்றால் அவை கருவி செய்பவரையும் பொறுப்பாக்குகின்றன. ஆனால் பாதுகாப்பு மேலாண்மை முறை கப்பலின் இயக்கத்துக்காக எழுதப்பட்டது. சரக்குப் பதிவுக் கணினியும் கணக்குப் பிரிவும் அதன் வட்டத்துக்கு வெளியே. பொறுப்பு கம்பெனியின் பெயரில் இருந்தாலும் அந்தத் தணிக்கைக்கான படிவத்தை நிரப்புவது கப்பலில்தான்.

நிரப்புபவர் பெரும்பாலும் செகண்ட் ஆபீசர். நள்ளிரவு வாட்ச் முடித்துவிட்டு மின்னணு வரைபடத்துக்கு வாராந்திரத் திருத்தம் ஏற்றுபவரும் அவரே. பல கப்பல்களில் அந்தத் திருத்தம் மெயில் வரும் கணினியில் இறங்கி, பென் டிரைவில் ஏறி, வரைபடக் கருவிக்குப் போகிறது. அதே கருவிக்குப் பக்கத்தில் ‘பென் டிரைவ் செருகாதீர்’ என்று சுவரொட்டி. தடையை மீறாமல் அவரால் வேலையை முடிக்க முடியாது. வேலையை முடிக்காவிட்டால் துறைமுக ஆய்வில் கப்பல் மாட்டும். இருபது சொச்சம் பேர் உள்ள கப்பலில் கணினிக்கென்று ஓர் ஆள் கிடையாது. மின்கருவி பார்ப்பவர் இருந்தாலும் கிரேனும் குளிர்பதனக் கன்டெய்னர்களுமே அவருடைய நாளைத் தின்றுவிடும். இந்த முரணைத் தெரிந்தே வைத்துக்கொண்டு, ஏதாவது நேர்ந்தால் ‘மனிதத் தவறு’ என்று எழுதத் தயாராக இருக்கிறார்கள். எய்தவன் இருக்க அம்பை நோவதை இந்தத் தொழில் விதிமுறையாகவே ஆக்கிவிட்டது. உத்தண்டியிலும் கானாத்தூரிலும் படித்துக் கடலுக்குப் போகும் நம் பிள்ளைகள்தான் அந்த அம்பு.

ஜிபிஎஸ் குழப்பம் கப்பலையே தாக்குகிறதே என்பார்கள். உண்மை. ஆனால் போலி சிக்னல் வந்தால் ரேடாரையும் தன் கண்ணையும் நம்புவதைத் தவிர மாலுமி செய்வதற்கு என்ன இருக்கிறது? எந்தச் சுவரொட்டியும் அதைத் தடுக்காது.

2018இல் காஸ்கோ, 2020இல் சிஎம்ஏ சிஜிஎம் ஆகிய கப்பல் கம்பெனிகள், 2023 ஜூலையில் நகோயா துறைமுகம்: அடி விழுந்ததெல்லாம் கரையில். விதியை வகுத்த கடல்சார் அமைப்பின் இணையதளமே 2020இல் தாக்கப்பட்டது. 2023 ஜனவரியில் டிஎன்வியின் ஷிப்மேனேஜர் என்ற மென்பொருளின் சர்வர்கள் தாக்கப்பட்டு, சுமார் 1,000 கப்பல்களுக்கான சேவை பாதிக்கப்பட்டது. கப்பல்களில் இருந்த மென்பொருள் இணைப்பில்லாமலே வேலை செய்தது. மூட வேண்டியிருந்தது கரையிலிருந்த சர்வர்களைத்தான். கப்பல்களைத் தணிக்கை செய்து சான்றிதழ் தருவது டிஎன்வியின் தொழில். அதன் சர்வர் அறைக்கும் கப்பல் கம்பெனிகளின் கணக்குப் பிரிவுக்கும் இதே கண்டிப்போடு தணிக்கை போகட்டும், அதன் பிறகு செகண்ட் ஆபீசரிடம் படிவம் கேட்கலாம்.