எண்ணத்தின் மேல் மட்டும் ஏன் வழக்கு?

அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை (சிபிடி) குறை சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "இதுவாவது ஆய்வில் தேறியது. மறுபடி ஃப்ராய்டிடம் போகச் சொல்கிறீர்களா?" சிபிடி பற்றித் தமிழில் இப்போது வரும் அறிமுகக் கட்டுரைகளும், அலுவலகங்களில் நடக்கும் மனநலப் பயிலரங்குகளும் இந்தத் தொனியில்தான் பேசுகின்றன. தேறியது உண்மை. எதில் தேறியது என்று கேட்பதற்குள் பேச்சு முடிந்துவிடுகிறது.

கொடுக்க வேண்டியதை முதலில் கொடுத்துவிடுகிறேன். நெஞ்சு படபடத்தால் மாரடைப்பு என்று பதறுகிறவருக்கு, பதற்றமே படபடப்பைக் கூட்டுகிறது என்று விளக்கி, படியேறவைத்து அவரையே சோதித்துப் பார்க்கச் செய்யும் முறை அருமையானது. எண்ணி முடிக்கக்கூடிய அமர்வுகள், ஒளிவுமறைவில்லாத உரையாடல், வீட்டில் செய்யப் பயிற்சி. உளப்பகுப்பாய்வு பயின்ற ஆரோன் பெக் அதை விட்டு விலகி 1960களில் பிலடெல்ஃபியாவில் இதை உருவாக்கியது சின்னக் காரியமல்ல.

என் தகராறு மனச்சோர்வில் தொடங்குகிறது. சோர்ந்தவரைச் சாய்ப்பது நிகழ்வைவிட, நிகழ்வுக்கு அவர் கொடுக்கும் பொருள்தான் என்பது பெக்கின் கணக்கு. தானாக எழும் எண்ணங்களில் திரிபுகள் இருக்கும்: ஓரிடத்தில் தோற்றதை வாழ்க்கை முழுதுக்கும் நீட்டுவது, அடுத்தவர் மனதைப் படித்துவிட்டதாக நம்புவது, வராத கேட்டை வந்ததாகவே கொள்வது. ஆகவே எண்ணத்தைக் கூண்டில் ஏற்றுகிறார்கள், சாட்சியம் கேட்கிறார்கள். சூழ்நிலை, எண்ணம், உணர்ச்சி, மாற்று எண்ணம் என்று தாளில் பத்தி பிரித்து எழுதச் சொல்கிறார்கள். சூழ்நிலைக்கும் அதில் ஒரு பத்தி உண்டு. ஆனால் அதை யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை. குற்றவாளி யார் என்பது வழக்கு தொடங்கும் முன்பே முடிவாகிவிட்டது.

பெக்கும் கூட்டாளிகளும் எழுதிய மனச்சோர்வுக் கையேடு வந்தது 1979இல். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் தென் லண்டன் கேம்பர்வெல் பகுதிப் பெண்களை நேரில் பேட்டி கண்டு செய்த ஆய்வு நூலாக வந்திருந்தது. வாழ்வில் பெரிய அடி விழும்போது யார் சோர்வில் வீழ்கிறார்கள்? மனம் விட்டுப் பேச நெருக்கமான துணை இல்லாதவள், வீட்டில் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் மூன்றோ அதற்கு மேலோ உள்ளவள், வெளியே வேலை இல்லாதவள், 11 வயதுக்குள் தாயை இழந்தவள். இவர்களே எளிதில் வீழ்ந்தார்கள். உழைக்கும் வர்க்கத்துப் பெண்களிடையே சோர்வு கூடுதலாக இருந்தது. இப்படிப்பட்ட ஒருத்தி, "இதிலிருந்து எனக்கு மீட்சியில்லை" என்று தாளில் எழுதினால் அதில் திரிபு எவ்வளவு, நிலவரம் எவ்வளவு? அதைச் சொல்ல அவள் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். சிகிச்சை அறையிலோ சாட்சியம் முழுவதும் அவள் நினைவிலிருந்துதான் வர வேண்டும்.

எண்ணத்தைப் பார்க்கும் பெக்கின் வழி, நிலவரத்தைப் பார்க்கும் பிரவுன், ஹாரிஸ் வழி, இரண்டில் இங்கிலாந்து அரசுக்குப் பிடித்தது எது என்று சொல்லத் தேவையில்லை. பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் லேயார்ட் 2006இல் முன்வைத்த அறிக்கையின் கணக்கு வெளிப்படையானது: ஒருவருக்குச் சிகிச்சைச் செலவு 750 பவுண்டு, உடல்நலமின்மைக்கான உதவித்தொகையில் அவர் இருந்தால், இழக்கும் வரியையும் சேர்த்து அரசுக்கு மாதம் 750 பவுண்டு நட்டம். ஒரு மாதம் கூடுதலாக வேலை பார்த்தாலே போட்ட பணம் திரும்பிவிடும். 2008இல் அரசின் உளச்சிகிச்சைத் திட்டம் தொடங்கியது. சிபிடி அதன் முதுகெலும்பு. அமர்வுதோறும் கேள்வித்தாள், சோர்வு, பதற்ற மதிப்பெண்கள் குறித்த எல்லைக்குக் கீழே இறங்கினால் ஆள் 'மீண்டவர்'. சோர்வை அளக்கும் கேள்விகள் ஒன்பது. தூக்கம், பசி, தன்னைப் பற்றிய எண்ணம் எல்லாம் உண்டு, வாடகை கிடையாது.

சிபிடிக்காரர்களின் மறுப்பு எனக்குத் தெரியும்: எண்ணம் உண்மையாகவே இருந்தால் அதை மாற்றச் சொல்வதில்லை, பிரச்சினையைத் தீர்க்கக் கற்றுக்கொடுக்கிறோம் என்பார்கள். தீர்க்க வேண்டியவர் அப்போதும் நோயாளிதானே? வீட்டுக்காரரும் முதலாளியும் அந்தத் தாளில் ஒருநாளும் கையெழுத்துப் போடுவதில்லை.

இத்தனைக்கும் எண்ணத்தை மாற்றுவதுதான் குணமாக்குகிறது என்பதே உறுதியில்லை. நீல் ஜேக்கப்சன் குழு 1996இல் சிகிச்சையைப் பிரித்துச் சோதித்தது. முடங்கிக் கிடப்பவரை மறுபடி அன்றாடச் செயல்களில் ஈடுபடுத்தும் பகுதி மட்டும் பெற்றவர்களும், எண்ண விசாரணையோடு முழுச் சிகிச்சை பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு தேறினார்கள். ஆய்வு ஆய்வு என்பவர்கள் இந்த ஆய்வை மட்டும் அடக்கி வாசிப்பது ஏனோ.

சிகிச்சையை வேலைக் கணக்கோடு கட்டும் போக்குக்கு எதிர்ப்பும் எழுந்தது. 2015இல் தென் லண்டன் ஸ்ட்ரெத்தமில், அரசின் வேலைவாய்ப்பு மையக் கட்டடத்துக்குள் மனநலச் சேவை வருவதை எதிர்த்து ஊர்வலம் போனவர்களில் மனநலப் பணியாளர்களும் இருந்தார்கள். மனதைத் திருத்துகிற இடமும் உதவித்தொகையை நிறுத்துகிற இடமும் ஒன்றாகிவிடக் கூடாது என்பது அவர்கள் கோபம்.

சிபிடிக்குப் போகிறவர்கள் போகட்டும். பீதிக்கும் அச்சத்துக்கும் நானே பரிந்துரைப்பேன். ஆனால் அந்தத் தாளில் இன்னொரு பத்தி கேட்டு வாங்குங்கள்: "இந்த எண்ணம் சரியென்றால், என்னைத் தவிர வேறு யார் எதை மாற்ற வேண்டும்?" அதை நிரப்ப மறுக்கும் சிகிச்சையாளரிடம் மனச்சோர்வோடு போகாதீர்கள்.